மண்ணில்லாப் பயிருக்கு ஏற்ற ஊடகம்: மைசூர் வட்டார நிலை

மைசூரைச் சுற்றியுள்ள வட்டாரத்தில், மண்ணின்றிப் பயிர் வளர்ப்பதற்கு வேண்டிய மூலப்பொருள்கள் பெரும்பாலும் கழிவுகளாகவே கிடைக்கின்றன. கிருஷ்ணராஜசாகர் பாசனத்தில் விளையும் மாண்டியா மாவட்டத்து நெல், அரிசி ஆலைகளின் புறத்தே உமியாகக் குவிகிறது. அதே பாசனத்தில் விளையும் கரும்பு சக்கையாக எஞ்சுகிறது. வடக்கே அரசிகெரே, திப்டூர் பக்கங்களில் கொப்பரை வணிகம் செழித்திருப்பதால் தேங்காய் மட்டைக்குக் குறைவில்லை. மட்டையிலிருந்து நாரைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் பழுப்புநிறத் தூளுக்கும் குறைவில்லை. கருங்கல் உடைக்கும் ஆலைகளில் பல அளவுகளில் ஜல்லி கிடைக்கிறது. இவற்றுள் எதைத் தொட்டியில் இட்டுச் செடியை நடுவது என்னும் கேள்வி மேலோட்டமாகச் சிறியதாகத் தோன்றும். ஆயினும், வங்கிக் கடனும் அரசு மானியமும் பெற்றுப் பசுமைக்குடில் அமைத்த விவசாயிக்கு இதன் விடை தவறுமானால் ஒரு பருவத்து விளைச்சலே தவறிவிடும். குடிலின் இரும்புச் சட்டத்திற்கும் நெகிழித்தாளுக்கும் திட்ட அறிக்கைகளில் அளவும் தரமும் வரையறுக்கப்படுகின்றன. செடியின் வேர் வாழும் பொருளுக்கோ பெரும்பாலும் பெயர் மட்டுமே எழுதப்படுகிறது.

நல்ல மண் இருக்கும்போது அதனை விட்டு விலகுவானேன் என்று கேட்பது நியாயமே. விலகுவோர் பெரும்பாலும் மண்ணில் தங்கும் நோய்களுக்கு அஞ்சியே விலகுகின்றனர். குடிலுக்குள் ஆண்டு முழுவதும் தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி ஆகியவற்றையே மாறி மாறிப் பயிரிடும்போது வேர்முடிச்சு நூற்புழு பெருகுகிறது. தக்காளியில் பாக்டீரியா வாடல் நோய் நிலைகொள்கிறது. மண்வழி நோய் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு மைசூர் மாவட்டத்திலேயே சான்று உண்டு. புவிசார் குறியீடு பெற்ற நஞ்சன்கூடு ரசபாளை வாழையின் பரப்பு பனாமா வாடல் நோயால் பெரிதும் சுருங்கிவிட்டது. அந்நோயை உண்டாக்கும் பூசணத்தின் வித்துகள், வாழையே இல்லாத நிலத்திலும் பல்லாண்டுகள் உயிரோடிருக்க வல்லவை. வாழைத் தோட்டத்தையே தொட்டிக்கு மாற்றிவிட முடியாது; ஆயினும் திசு வளர்ப்பு வாழைக்கன்றுகளை நோயற்ற ஊடகத்தில் பழக்கி வளர்த்தே இன்று நிலத்திற்கு அனுப்புகின்றனர். மண்ணில்லா ஊடகத்தைப் பற்றிய அறிவு, மண்ணில் பயிரிடுவோருக்கும் இவ்வாறு பயன்படுகிறது.

இத்துறை இந்தியாவுக்குப் புதியதன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கெரிக்கே 1929இல் கரைசலில் பயிர் வளர்க்கும் முறையை அறிவித்தார். அதற்கு 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்னும் பெயர் 1937இல் வழங்கலாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, விளைநிலம் அரிதான அசென்ஷன் தீவில் அமெரிக்கப் படையினர் சரளைக்கல் நிரப்பிய பாத்திகளில் காய்கறி விளைவித்தனர். 1946இல் வங்காளத்தின் கலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் ஆய்வுகளைத் தொடங்கி, எளிய செலவில் இயலும் 'வங்காள முறை'யை உருவாக்கினார். அது பற்றிய அவரது நூல் 1951இல் வெளிவந்தது. விலைமிகுந்த எந்திரங்களைத் தவிர்த்து, உள்ளூரில் கிடைத்த கற்பொடி, சரளை, மணல் ஆகியவற்றைக் கொண்டே அவர் பாத்திகளை அமைத்தார் என்பது இங்குக் கருதத்தக்கது.

காற்றும் நீரும்

மண் பயிருக்கு நான்கு உதவிகளைச் செய்கிறது: செடியைத் தாங்குகிறது, நீரைத் தேக்குகிறது, வேருக்குக் காற்றை அளிக்கிறது, ஊட்டப்பொருள்களைத் தருகிறது. கரைசல் முறையில் நான்காவது பணியை உரக்கரைசல் ஏற்கிறது. எஞ்சிய மூன்றையும் ஊடகம் செய்தாக வேண்டும். ஆகவே, 'சத்து நிறைந்த ஊடகம்' என்று விளம்பரம் செய்யப்படும் பொருள் இங்குச் சிறப்புடையதாகாது. தானாக எதையும் கொடாததும் எதையும் பறிக்காததுமான பொருளே நன்று. சத்தின் அளவைக் கரைசலில் கூட்டவும் குறைக்கவும் இயலும். ஊடகமே ஒரு பங்கைத் தன் போக்கில் கொடுக்கத் தொடங்கினால் கணக்கு குழம்பிவிடும்.

நீரும் காற்றும் ஒரே இடைவெளிகளுக்குப் போட்டியிடுகின்றன. நுண்ணிய துளைகளில் நீர் தங்குகிறது. பெரிய துளைகளிலிருந்து நீர் வடிந்ததும் காற்று புகுகிறது. நீர் வடிந்தபின் ஊடகத்தின் கனஅளவில் குறைந்தது 10 விழுக்காடேனும் காற்றுக்கு இடம் வேண்டும். காய்கறிப் பயிர்களுக்கு 20 முதல் 30 விழுக்காடு இருப்பது நலம். வேரும் மூச்சுவிடுகிறது என்பதை மறந்து, ஈரம் மிகுந்தால் நல்லது என்று எண்ணுவதே தொட்டிப் பயிரில் பரவலாகக் காணப்படும் பிழை. நீரில் நின்றபடியே செடி வாடுவதைக் கண்டு மேலும் நீர் ஊற்றுவோரும் உளர்.

தொட்டியின் ஆழத்திற்கும் இதில் பங்குண்டு. நனைந்த ஸ்பாஞ்சு ஒன்றைப் படுக்கைவாட்டில் பிடித்தால் சிறிது நீர் சொட்டி நின்றுவிடும். அதனையே செங்குத்தாக நிமிர்த்திப் பிடித்தால் மேலும் நீர் வடியும். ஸ்பாஞ்சு மாறவில்லை, உயரமே மாறியது. அதுபோல எந்தத் தொட்டியிலும் அடிப்பகுதியில் ஓரடுக்கு நீர் வடியாமல் நிற்கும். ஆழமான தொட்டியில் அது சிறு பகுதியே. ஆழம் குறைந்த நாற்றுத்தட்டில் அது பெரும்பகுதியாகிவிடும். ஒரே ஊடகம் 30 செ.மீ. ஆழப் பையில் நன்கு பயன்பட்டு, 5 செ.மீ. தட்டில் வேரை அழுகச் செய்வது இதனாலேயே. தட்டு ஆழமற்றதாயின் ஊடகம் சற்றுக் கரடாக இருத்தல் வேண்டும். அடியில் ஜல்லி பரப்பினால் நீர் வடியும் என்னும் நம்பிக்கை சரியன்று. நுண்துளையில் பிடிபட்ட நீர் பெருந்துளைக்கு எளிதில் இறங்காது; ஜல்லியின் மேற்பரப்பில் அந்த ஈர அடுக்கு நிற்குமேயன்றி மறையாது.

காற்றிடத்தை அளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. பயன்படுத்தப் போகும் தொட்டியின் ஆழத்தையொத்த, ஒரு லிட்டர் கொள்ளும் கலத்தின் அடியில் துளையிட்டு அடைத்துக்கொள்ள வேண்டும். அதில் ஊடகத்தை நிரப்பி, மேற்பரப்பு பளபளக்கும்வரை அளந்து நீர் ஊற்றவேண்டும். 900 மில்லி லிட்டர் கொண்டதெனில் மொத்தத் துளையிடம் 90 விழுக்காடு. பின்னர் துளைகளைத் திறந்து, வடியும் நீரை ஏந்தி அளக்கவேண்டும். 200 மில்லி லிட்டர் வடிந்தால் காற்றிடம் 20 விழுக்காடு. உலர்ந்த நார்த்தூள் நீரை உடனே ஏற்காதாகையால், முன்னரே ஈரப்படுத்திக்கொள்வது அவசியம். பள்ளி ஆய்வகத்திலும் செய்யத்தக்க இச்சோதனை, ஊடகக் கலவையின் விகிதத்தைத் தீர்மானிக்கப் போதுமானது.

நார்த்தூளின் நிறையும் குறையும்

தென்னிந்தியாவில் ஊடகம் என்றவுடன் நினைவுக்கு வருவது, வணிகத்தில் 'கோகோ பீட்' எனப்படும் தென்னை நார்த்தூள். ஒரு காலத்தில் நார் ஆலைகளின் அருகே மலைபோல் குவிந்து இடத்தை அடைத்த இப்பொருள், இன்று நாட்டிற்கு அந்நியச் செலாவணி ஈட்டுகிறது. 2020-21இல் இந்தியாவின் தென்னைநார்ப் பொருள் ஏற்றுமதி ஏறத்தாழ 3,779 கோடி ரூபாய். அதில் பாதியளவு நார்த்தூளால் கிடைத்தது. ஐரோப்பாவில் சதுப்புநிலங்களிலிருந்து வெட்டியெடுக்கும் பீட் என்னும் மக்கிய பொருளுக்கு இது மாற்றாகிறது. பீட் உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். தேங்காய் ஆண்டுதோறும் காய்க்கிறது.

நார்த்தூள் தன் எடையைப்போல் பல மடங்கு நீரை ஏற்கும். அவ்வாறு ஏற்றபின்னும் காற்றுக்கு இடம் வைக்கும். அதன் கார அமிலநிலை பெரும்பாலும் 5.5 முதல் 6.5 வரை, அதாவது பயிர்கள் விரும்பும் எல்லைக்குள்ளேயே அமைகிறது. லிக்னின் மிகுதியாக இருப்பதால் விரைவில் மக்கி உட்காராது. அழுத்திய 5 கிலோ கட்டி ஒன்று நீரில் ஊறினால் 60 முதல் 75 லிட்டர்வரை விரியும். செடிக்கு 10 லிட்டர் வீதம் 1,000 தக்காளிச் செடிகளுக்கு 10,000 லிட்டர், அஃதாவது ஏறத்தாழ 150 கட்டிகள் தேவைப்படும் என்று கணக்கிடலாம்.

இத்தனை நிறைகளையும் அழிக்கவல்ல குறை ஒன்று உண்டு; அது உப்பு. தென்னை இயல்பாகவே பொட்டாசியத்தையும் குளோரைடையும் மட்டையில் சேர்த்து வைக்கும் மரம். கடலோரத்தில் உவர்நீரில் மட்டையை ஊறவைத்தால் சோடியமும் ஏறிக்கொள்கிறது. கழுவாத தூளில் மின்கடத்துதிறன் சில மில்லிசீமன்ஸ் அளவுக்கு உயர்ந்திருக்கும். கரைசலின் செறிவையே மின்கடத்துதிறனைக் கொண்டு கட்டுப்படுத்தும் முறையில், கரைசலைவிட ஊடகம் உப்பு மிகுந்ததாக இருந்தால் இளவேர் கருகும். கட்டியின் நிறத்தையோ மணத்தையோ கொண்டு இதனை அறிய இயலாது. ஒரு பங்கு ஊடகத்துடன் கனஅளவில் ஒன்றரைப் பங்கு உப்பற்ற நீரைக் கலந்து, வடித்த நீரை அளவியால் அளந்தால் அரை மில்லிசீமன்ஸ் அளவிலோ அதற்குக் கீழோ இருப்பதே கரைசல் பயிருக்கு ஏற்றது. அளவி இல்லாதவிடத்து, முள்ளங்கி அல்லது ராகி விதையை அத்தூளிலும் கழுவிய ஆற்றுமணலிலும் ஒருங்கே விதைத்து முளைப்பை ஒப்பிடலாம். அது அளவியைப்போல் துல்லியமன்று. ஆனால் பெருங்கேட்டைக் காட்டிக்கொடுக்கும்.

கழுவினாலும் முழுமையாகத் தீராத சிக்கல் ஒன்று எஞ்சுகிறது. நார்த்தூளின் துகள்கள் மின்னேற்றம் உடையவை; பொட்டாசியமும் சோடியமும் அவற்றின்மீது ஒட்டியிருக்கின்றன. வெறும் நீர் அவற்றை எளிதில் விடுவிக்காது. கரைசலிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் வந்து சேரும்போதே அவை இடம்விட்டு வெளியேறும். வந்தவை அவ்விடத்தில் அமர்ந்துவிடும். இதனால் முதற்சில வாரங்கள் செடிக்குச் சேரவேண்டிய கால்சியத்தை ஊடகமே பிடித்துக்கொள்கிறது. தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்துக் குழிவது கால்சியக் குறைவின் அடையாளம். இதனைத் தவிர்க்க, நடுவதற்கு முன்பே தூளைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, வெளிவரும் உப்பைக் கழுவி வடிக்கின்றனர். வணிகத்தில் 'கழுவியது' என்பதும் 'பதப்படுத்தியது' என்பதும் வேறு வேறு தரங்கள், விலையும் வேறு. இவ்வேறுபாட்டை அறியாமல் மலிவானதை வாங்குபவர், மிச்சப்படுத்திய தொகையைக் காயில் இழக்கிறார்.

கழுவும் நீர் எங்கே செல்கிறது என்பதும் வளர்ச்சித் துறையினர் கேட்க வேண்டிய கேள்வி. உப்பும் பழுப்புநிறச் சாயப்பொருள்களும் கலந்த அந்நீர் திறந்தவெளியில் விடப்பட்டால் கிணறுகளைக் கெடுக்கும். பொள்ளாச்சி வட்டாரத்தில் இது குறித்து முறையீடுகள் எழுந்தன. 2021இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார்த்தூள் தொழிலகங்களை மாசற்ற தொழில்களின் வெள்ளை வகையிலிருந்து ஆரஞ்சு வகைக்கு மாற்றியது. கர்நாடகத்தின் தென்னை மாவட்டங்களில் இத்தொழில் வளருமிடத்து, கழுவுநீரைத் தேக்கி மறுபயன்பாடு செய்யும் ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே அமைப்பது, பின்னர்க் கிணறுகளைச் சீர்செய்வதைவிட எளிது.

நார்த்தூளை நுண்ணுயிர் கொண்டு பக்குவப்படுத்தும் முறைகளும் உண்டு. 'பித்பிளஸ்' என்னும் பெயரில் கயிறு வாரியம் வழங்கும் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து ஏறத்தாழ ஒரு மாதம் மக்கவைத்தால், தொடக்கத்தில் 112க்கு 1 என்றிருக்கும் கரிம-தழைச்சத்து விகிதம் 24க்கு 1 என்ற அளவுக்கு இறங்குகிறது. இது நிலத்திற்கு நல்ல உரம். ஆனால் கரைசல் பயிரின் ஊடகமாக அதனை அப்படியே கருதுதல் பொருந்தாது. மக்கியபின் துகள் நுண்மையாகிக் காற்றிடம் குறைகிறது, உரமே தன் பங்குக்குச் சத்தை விடுகிறது. பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 'அர்கா ஃபெர்மென்டட் கோகோபீட்' என்னும் நொதிக்கவைத்த தூளை நாற்று வளர்ப்புக்கென உருவாக்கியுள்ளது. மண்ணில்லாக் காய்கறிச் சாகுபடிக்கென 'அர்கா சஸ்ய போஷக் ரஸ்' என்னும் திரவ ஊட்டத்தையும் அந்நிறுவனம் வகுத்துள்ளது. மைசூரிலிருந்து ஒரே நாளில் சென்று கண்டு திரும்பத்தக்க தொலைவில் இவ்வாய்வு நடைபெறுவது இவ்வட்டார விவசாயிகளுக்கு வாய்ப்பே.

உமி, சக்கை, கல்

நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. சிலிக்கா மிகுந்திருப்பதால் எளிதில் மக்காது. தனித்து நின்றால் நீரை மிகக் குறைவாகவே பிடிக்கும். ஆகவே அதனை ஊடகமாக அன்றி, நார்த்தூளில் காற்றிடம் கூட்டும் துணைப்பொருளாகக் கருதுவதே தகும். காற்று குறைந்த சூழலில் சுட்டுக் கரியாக்கிய உமி இன்னும் சிறந்தது. உமியில் ஒளிந்திருக்கும் நெல்மணியும் களைவிதையும் அழிந்துவிடும். கரியின் வடிவம் குலையாது. ஜப்பானிய நாற்றங்கால்களில் உமிக்கரி நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அது சற்றுக் காரத்தன்மை உடையது, பொட்டாசியமும் உண்டு. கழுவிய பின்னரே சேர்க்க வேண்டும். அரிசி ஆலைக் கொதிகலனிலிருந்து வரும் சாம்பலை உமிக்கரி என்று எண்ணி வாங்குதல் கூடாது. அந்நுண்பொடி துளைகளை அடைத்துச் சேறாகிவிடும்.

கரும்புச் சக்கை மலிவானது, அவ்வளவே. அதிலுள்ள எளிதில் சிதையும் பொருளை நுண்ணுயிர்கள் உண்ணும்போது கரைசலின் தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. சில வாரங்களில் ஊடகம் உட்கார்ந்து பாதியாகிவிடும். மரத்தூளுக்கும் இக்குறை ஓரளவு உண்டு.

மணலும் ஜல்லியும் மக்காதவை; கழுவிப் பல்லாண்டு பயன்படுத்தலாம். இடர் எடையில் உள்ளது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 20 செ.மீ. உயரம் மணல் பரப்பி நனைத்தால் எடை 350 கிலோவைத் தாண்டும். மக்கள் ஏறி நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ மட்டுமே. அதே அளவு நார்த்தூள் நீர்நிறைந்த நிலையில் 150 கிலோவை ஒட்டி நிற்கும். அதுவும் மாடி முழுவதும் பரப்பத்தக்கதன்று. மாடித்தோட்டத்தை ஊக்குவிக்கும் நகராட்சி அலுவலர்கள் இக்கணக்கைக் கட்டுமானப் பொறியாளரிடம் காட்டியே ஒப்புதல் பெறவேண்டும்.

ஜல்லியைத் தேர்ந்தெடுக்கையில் அது எந்தப் பாறையின் கல் என்பதும் முக்கியம். கருங்கல் வினைபுரியாது. சுண்ணாம்புக்கல் கரைசலின் காரநிலையை உயர்த்தி, மணிச்சத்தையும் இரும்பையும் செடிக்குக் கிட்டாமற் செய்யும். மைசூருக்கும் நஞ்சன்கூட்டுக்கும் இடைப்பட்ட தொட்டகன்யா பக்கத்தில் மேக்னசைட் கனிமம் உண்டு. அத்தகைய கல் கலந்த ஜல்லியும் விரும்பத்தக்கதன்று. சுண்ணாம்புக்கல் அமிலம் பட்டவுடன் நுரைத்துத் தன்னைக் காட்டிக்கொள்ளும்; மேக்னசைட் குளிர்ந்த அமிலத்தில் எளிதில் நுரைக்காது. ஆகவே ஜல்லியைக் கரைசலில் சில நாள் ஊறவைத்து, முன்னும் பின்னும் கார அமிலநிலையை அளந்து பார்ப்பதே நம்பகமான வழி. ஆற்றுமணலுக்கு ஈடாக விற்கப்படும் எந்திர மணலில் கல்தூள் மிகுதி; நன்கு அலசாமல் பயன்படாது.

தொழிற்சாலை ஊடகங்களுள் பாறைக்கம்பளி புகழ்பெற்றது. பசால்ட் போன்ற பாறையை 1,500 டிகிரி செல்சியசுக்கு மேல் உருக்கி இழையாக நூற்றுச் செய்யப்படுவது. டென்மார்க்கில் தோன்றி, 1970களுக்குப்பின் நெதர்லாந்தின் கண்ணாடிக்குடில்களில் பரவியது. தரம் ஒரே சீரானது. நீர் மேலாண்மை எளிது. ஆனால் பயன்படுத்திய பலகை மக்குவதில்லை. பெர்லைட், வெர்மிகுலைட் ஆகியவை வெப்பத்தால் பொரிந்து விரிந்த கனிமங்கள். வெர்மிகுலைட் தமிழ்நாட்டின் சேவாத்தூரில் வெட்டியெடுக்கப்படுகிறது. நாற்றுத்தட்டுகளில் இவற்றைச் சிறிதளவு சேர்ப்பது வழக்கம். தொட்டி முழுவதையும் இவற்றால் நிரப்ப, காய்கறியின் விலை இடங்கொடாது.

நீரை அறிந்தபின் ஊடகம்

ஊடகத்தைத் தேர்வதற்கு முன் நீரைச் சோதிப்பதே முறை. காவிரியிலிருந்து வரும் நகரக் குழாய்நீர் பொதுவாக உப்புக் குறைந்தது. கிராமப்புறங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரின் தன்மை இடத்திற்கு இடம் மாறும், பலவிடங்களில் கடினநீர். நீரில் பைகார்பனேட் மிகுந்தால் கரைசலின் காரநிலை நாள்தோறும் ஏறும். இளந்தளிர் இரும்புக் குறைவால் வெளிறும். மணலும் ஜல்லியும் இம்மாற்றத்தைச் சிறிதும் தாங்கிக்கொள்ளா. நார்த்தூள் ஓரளவு தாங்கும். மின்தடை அடிக்கடி நேருமிடத்திலும் நீரைப் பிடித்துவைக்கும் ஊடகமே பாதுகாப்பு. வெறும் கரைசல் ஓடைகளில் கீரைவகை வளர்ப்போர் ஊடகச் செலவை ஏறத்தாழ முழுவதும் தவிர்க்கின்றனர். ஆயின் ஏப்ரல் வெயிலில் நீரிறைப்பான் சில மணிநேரம் நின்றாலும் செடிகள் வாடிவிடும். அதே நேரத்தில் நார்த்தூள் பையில் நிற்கும் தக்காளி தாக்குப்பிடிக்கும்.

இவற்றை எண்ணிப் பார்க்கையில், மைசூர் வட்டாரத்தில் பழக்காய்கறிகளுக்கு ஏழு பங்கு பதப்படுத்திய நார்த்தூளும் மூன்று பங்கு உமிக்கரியோ மட்டைத் துண்டுகளோ சேர்ந்த கலவை தொடக்கத்திற்கு ஏற்றதெனத் தோன்றுகிறது. காற்றிடச் சோதனையின்படி விகிதத்தைப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். மானியத்திற்கு விண்ணப்பிக்கும் திட்ட அறிக்கையில் 'கோகோ பீட்' என்று ஒரு சொல்லில் முடிக்காமல், மின்கடத்துதிறனின் உச்சவரம்பு, கார அமிலநிலை, கால்சியத்தால் பதப்படுத்தியதா என்பது, விரிந்தபின் கனஅளவு ஆகிய நான்கையும் கொள்முதல் நிபந்தனையாக எழுதுமாறு தோட்டக்கலை அலுவலர் வற்புறுத்த இயலும். எடைக்கணக்கில் வாங்கினால் ஈரத்திற்கும் விலை கொடுக்க நேரும். ஆகவே கனஅளவே சரியான கணக்கு. ஒவ்வொரு சரக்கிலும் சில கட்டிகளை எடுத்து ஊறவைத்து அளந்தபின் பணம் வழங்குவதற்கு அரைநாள் போதும்.

நார்த்தூள் பை இரண்டு மூன்று பருவங்கள் பயன்படும். அதற்குள் வேர்க்கழிவு சேர்ந்து காற்றிடம் குறைந்துவிடும், உப்பும் படிந்திருக்கும். நோய் காணாத பைகளின் தூளை நீர்விட்டு அலசி, தொழுவுரத்துடன் கலந்து தென்னைக்கும் வாழைக்கும் இடலாம். வாடல் நோய் கண்ட பையின் தூளைத் தோட்டத்தில் கொட்டுதல் ஆகாது. அதனைத் தனியே வெயிலில் நெகிழித்தாளால் மூடிச் சூடேற்றியோ எரித்தோ அகற்ற வேண்டும்.